32 விநாடியில் கட் ஆகும் ஃபோன் கால்: குற்றம் வி.எம். மீது இல்லை

இணையம் வழியே ஃபோன் கால்களை இணைக்கும் சிப் (SIP) சர்வர் என்றாலே தனி மெஷின் வாங்கு, வி.எம்.மில் (ஒரு மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் கணினியில்) ஓட்டாதே என்று இன்னமும் அறிவுரை சொல்கிறார்கள். சிக்னலிங்கை, அதாவது காலை இணைத்து முடிக்கும் செய்திப் பரிமாற்றத்தைப் பொறுத்தவரை இது வீண் செலவு.

ஒரு காலை இணைத்து முடிக்கச் சிப் செய்திகள் பத்துப் பதினைந்து போதும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தானே பார்க்காத யுடிபியில் (UDP), இன்வைட்டுக்கு (அழைப்புச் செய்திக்கு) பதில் வராவிட்டால் அழைக்கும் ஃபோன் அதை அரை விநாடியில் மறுபடி அனுப்பும், பிறகு ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று இடைவெளி கூடும். ஸ்னாப்ஷாட் (வி.எம்.மின் அந்த நேர நிலையின் நகல்) எடுக்கும்போது வி.எம். ஒரு விநாடி உறைந்தாலும் கால் பிழைத்துவிடும். குரல் பிழைக்காது. குரலை டேட்டாவாக்கும் கோடெக்குகளில் ஒன்றான ஜி.711இல் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், ஒரு திசைக்கு மட்டும் விநாடிக்கு 50. அதனால் சிப் செய்திகளைக் கடத்தும் கமாலியோ (Kamailio) ஒரு வி.எம்.மில், குரலைக் கடத்தும் ஆர்டிபி எஞ்சின் (RTPengine) வேறொன்றில் இருக்கட்டும். குரல் ஓடும் வி.எம்.மில் லினக்ஸின் 'டாப்' (top) கமாண்டைக் கொடுத்து 'எஸ்டி' (st) எண்ணைக் கவனியுங்கள். அது ஏறினால், உங்களுக்குச் சேரவேண்டிய சிபியு நேரத்தை ஹோஸ்ட் (வி.எம்.களைத் தாங்கும் மெஷின்) வேறு யாருக்கோ கொடுக்கிறது.

மக்கள் மாட்டிக்கொள்வது முகவரியில்தான். கிளவுட் வி.எம்.முக்குப் பெரும்பாலும் தன் பொது ஐ.பி. தெரியாது. அதில் ஓடும் கமாலியோ, வெளியிலிருந்து எட்டமுடியாத 10.0.0.5 போன்ற உள் முகவரியையே ரெக்கார்ட்-ரூட்டில் ('அடுத்த செய்திகளை என் வழியாக அனுப்பு' என்று சொல்லும் வரியில்) எழுதி அனுப்பிவிடும். பதில்கள் வந்த வழியே திரும்புவதால் மணி அடிக்கும், எடுத்துப் பேசவும் முடியும். ஆனால் அழைத்தவரின் ஏசிகே (ஃபோன் எடுத்தது தெரிந்தது என்ற உறுதிச் செய்தி) அந்த 10.0.0.5க்குப் போய்த் தொலைந்துபோகும். எடுத்தவரின் ஃபோன் 'எடுத்தாயிற்று' என்னும் 200 ஓகே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, 64 மடங்கு அரை விநாடி, அதாவது 32 விநாடி ஆனதும் காலை முடித்துவிடும். இதற்கு ரேம் கூட்டிப் பயனே இல்லை!

கமாலியோவின் கான்ஃபிக் கோப்பில் உள்ள 'லிசன்' (listen) வரியில் உள் முகவரிக்குப் பின்னால் 'அட்வர்டைஸ்' (advertise) போட்டுப் பொது முகவரியைக் கொடுங்கள். ரீஸ்டார்ட் கட்டாயம். ஆர்டிபி எஞ்சினின் 'இன்டர்ஃபேஸ்' (interface) வரியிலும் உள் முகவரி, ஆச்சரியக்குறி (!), பொது முகவரி என்று இடைவெளி விடாமல் எழுதவேண்டும். இதை மறந்தால் கால் கட் ஆகாது, ஆனால் குரல் வராது.

இன்னொன்று, கோடெக்குகளை அள்ளிப் போட்டு இன்வைட்டை 1300 பைட்டுக்கு மேல் வீங்கவிடாதீர்கள். யுடிபியில் அது துண்டாகக்கூடும்; துண்டானால் சில ஃபயர்வால்களில் சத்தமில்லாமல் காணாமல் போகும். வேண்டாத கோடெக்கை நீக்குங்கள், அல்லது தொலைந்ததைத் தானே மறுபடி அனுப்பும் டிசிபிக்கு (TCP) மாறுங்கள்.

மாற்றிய பிறகு, சிப் செய்திகளைக் காட்டும் கருவியான எஸ்என்கிரெப்பை (sngrep) திறந்து, அழைத்தவருக்குப் போகும் 200 ஓகேயில் ரெக்கார்ட்-ரூட் வரியைப் படியுங்கள். அங்கே இன்னும் 10.0.0.5 மட்டும் இருந்தால் வேலை முடியவில்லை.