வியோனியே: மணத்துக்கு மட்டும் மதிப்பெண் போதாது

காரைக்காலில் நண்பர்கள் சிலர் கூடி, நந்தி மலைப் பகுதியிலும் நாசிக்கிலும் விளைந்த வியோனியே திராட்சையின் வெள்ளை ஒயின்களை, புட்டிகளைத் துணியால் மறைத்துச் சுவைத்து மதிப்பெண் இட்டு வருகிறோம். அதில் முதல் முகர்விலேயே பலர் தீர்ப்பு எழுதிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த மணம் மயக்கும் என்பது உண்மைதான். பாதாமியும் (ஆப்ரிகாட் பழம்) பீச்சும் ஆரஞ்சுப் பூவும் கலந்த வாசம் எழும். நல்ல புட்டியில் மனோரஞ்சிதத்தின் சாயலைக்கூட உணர்ந்திருக்கிறேன். ஆனால் அந்த மணம் திரளும்வரை பழம் கொடியில் காத்திருக்க வேண்டும். அதற்குள் சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிவிடுகிறது. 1960-களில் அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட இந்தத் திராட்சைக்கு, அதற்குப் பேர்போன, பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கிலுள்ள கோந்த்ரியுவில் பழம் முற்றும் பருவத்தில் இரவுகள் குளிர்ந்துவருவதாவது துணை நிற்கிறது. இங்கோ பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏற ஏறத்தான் அறுவடை. சற்று முந்தினால் மணம் இல்லை. சற்றுப் பிந்தினால் ஒயின் கனத்து, ஆல்கஹால் தொண்டையைச் சுடுகிறது.

ஆகவே புளிப்பைக் காத்தவரே இங்கு உண்மையில் வென்றவர். பெருங்காய வாசம் தெருவரை வந்தாலும், புளிப்பு நிற்காத ரசத்தை நம் வீடுகளில் யாரும் ரசமென்று ஒப்புவதில்லை அல்லவா? முகர்ந்த மணம் நாவிலும் தொடர்கிறதா, விழுங்கிய பின் வாய் தெளிகிறதா, கடைசியில் வரும் கசப்பு நாரத்தைத் தோல்போல இதமாக இருக்கிறதா அல்லது நாவை வறட்டுகிறதா என்று பார்த்த பிறகே மதிப்பெண்ணை எழுத வேண்டும்.

டெல்டாவின் வெக்கையில் இதற்குத் தனிக் கவனம் தேவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணமும் அடங்கியிருக்கும், குறைகளும் மறைந்திருக்கும். மேசையில் விட்டுவிட்டால் சிறிது நேரத்திலேயே சூடேறி, நல்ல ஒயின்கூட முரட்டுத்தனமாகத் தோன்றும். பத்து, பன்னிரண்டு டிகிரியில் கொஞ்சமாக ஊற்றி, அது மெல்லச் சூடேறும்போது மீண்டும் ஒருமுறை சுவைப்பதே நியாயமானது.

நம் நாட்டு ஒயின், புதிய பகுதி என்று இரக்கப்பட்டு மதிப்பெண்ணைக் கூட்டுவது அந்த உழவருக்குச் செய்யும் உதவி ஆகாது. அறுவடையை எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்க அவருக்கு நம் உண்மையான எண் வேண்டும். கோந்த்ரியுவைப்போல் இல்லை என்று குறைப்பதும் அதே அளவு தவறு. அடுத்த கூடுகையில் மதிப்பெண்ணில் பாதியை விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கு ஒதுக்க வேண்டும் என்று நண்பர்களை வலியுறுத்திக் கேட்கப் போகிறேன்.