பேரிடர் படிக்கப் போகிறவர்களுக்கு

இயற்கை இடர், காலநிலை மாற்றம் இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் பட்டப்படிப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன. சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் பாடத்திட்டத்தில் புள்ளியியலும் சமூகவியலும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேறு இடம் தேடுவது நல்லது.

சமூகவியல் எதற்கு? 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம். இறந்தவர்கள் லட்சத்துக்கு மேல் என்கின்றன பெரும்பாலான மதிப்பீடுகள். அடுத்த மாதமே சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றல் ஏறக்குறைய 500 மடங்கு. இறந்தவர்களோ ஐந்நூற்றுச் சொச்சம். ஹெய்ட்டியில் தலைநகரை ஒட்டியே குலுங்கியது என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிலியில் கட்டட விதிகள் காகிதத்தோடு நிற்கவில்லை. இதைப் பூமியின் மேலோட்டில் நகரும் பாறைத் தட்டுகளைப் பற்றி மட்டும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

புள்ளியியல் எதற்கு? 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். எந்த வருடத்திலும் வர 1% வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 வருடம் ஒரே வீட்டில் இருந்தால் ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு 26%. ஆய்வகத்தில் ஓர் ஆற்றின் வருடாந்திர உச்ச நீரோட்டங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, வரைபடத்தில் புள்ளி வைத்து, கோடு இழுப்பார்கள். எவ்வளவு பெரிய வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு என்று அந்தக் கோடுதான் சொல்லும். கடைசியாக வந்த ஒரு பெருவெள்ளத்தைச் சேர்த்தாலே அந்தக் கோடு நகர்ந்துவிடும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் பாலம், அணை எல்லாம் அந்தக் கோட்டை நம்பித்தான் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கோ, நேற்று போலவே நாளையும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். மழையின் போக்கே மாறுகிறது. அதனால்தான் இடரையும் காலநிலையையும் தனித்தனித் துறையாகச் சொல்லித்தருவது இனி சரிப்படாது என்கிறேன்.

எச்சரிக்கையை எப்படிச் சொல்வது என்பதும் பாடமாக வேண்டும். 1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, ஆர்மெரோ நகரத்தைச் சேறு மூடியது. 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் முந்தைய மாதமே தயார். வெடித்த பிறகும் சேறு ஊருக்குள் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. தகவல்தான் உரிய நேரத்தில் மக்களை வெளியேற்றும் உத்தரவாக மாறவில்லை.

வேலை? காப்பீடு, நகரத் திட்டமிடல், வானிலைத் துறை, நிவாரண அமைப்புகள் என்று இருக்கிறது. கோடிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம், போகப் போகப் பழகிவிடும். கணக்கைக் கண்டாலே ஓடுகிறவர் என்றால் மட்டும் இன்னொரு தடவை யோசியுங்கள்.