கடனோடு வருகிற பையனுக்கு அப்ரன்டிஸ் காலம் கிடைப்பதில்லை

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்துவிட்டால் போதும், திருச்சியில் பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க போஸ்டர்தான். ஆறு மாதத்தில் வெல்டர், என்டிடி (பொருளை உடைக்காமல் உள்ளே கோளாறு இருக்கிறதா என்று சோதிக்கும் தொழில்) படித்தால் வளைகுடா வேலை, நூறு சதவீதம் பிளேஸ்மென்ட். கட்டணத்தை மட்டும் எவரும் போஸ்டரில் போடுவதில்லை. நேரில் போனால்தான் சொல்வார்கள். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம், "தவணையில் கட்டலாம் சார்".

துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் வேலையில் இருப்பதால் என்னிடம் பல பெற்றோர் கேட்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "முடிச்சா எவ்வளவு சம்பளம் வரும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. முதல் இரண்டு வருடம் குறைந்த சம்பளத்தில் இருந்து தொழில் பழகுவதற்கு உங்கள் பிள்ளையால் முடியுமா, அல்லது கடன் அவனை நிற்கவிடாமல் துரத்துமா?

டெக்னீஷியன் வேலையில் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். முதலில் ஹெல்ப்பர், கிரைண்டிங், அப்புறம் டேக் வைப்பது, அதாவது துண்டுகள் நகராமல் சின்னச் சின்னப் புள்ளியாக வெல்டு வைப்பது. பிறகுதான் கையில் வெல்டிங் டார்ச் வரும். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்தி வைத்து, சுற்றி வந்து வெல்டு அடிப்பதை 6ஜி என்கிறோம். அதில் ஆர்கான் வாயு வெல்டிங்கில் ரூட் (இணைப்பின் அடியில் வரும் முதல் வெல்டு) போட்டு, மேலே ராடில் ஃபில் பண்ணி, எக்ஸ்ரேயில் பாஸ் ஆகிற கைக்குத்தான் நல்ல சம்பளம். அந்தக் கை வகுப்பில் வராது. அருகில் மேஸ்திரி நின்று "கையை இறக்கு, ஆர்க் நீளமாகுது" என்று சொல்லச் சொல்ல, வீணாகும் பைப் துண்டுகளின் மேல்தான் வரும்.

சம்பளம் மெதுவாக ஏறினாலும் தவணை முதல் மாதத்திலிருந்தே முழுதாக வரும். ஒரு கணக்கு போடுவோம். இரண்டு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 4,350 ரூபாய். படிக்கும் காலத்தில் ஓடும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. புதிதாகச் சேரும் பையனுக்குக் கையில் 14,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் 6,500 போனால், தவணை கட்டிய பிறகு மிச்சம் 3,150. பஸ், போன், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதற்குள்தான்.

இது வங்கிக் கடன் கதை. பெரும்பாலான வீடுகளில் வங்கிக் கடன் கிடைப்பதே இல்லை. நகையை வைக்கிறார்கள், இல்லாவிட்டால் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார்கள். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000. வருடத்துக்கு 36,000 கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும்.

எங்கள் ஷாப்புக்கு வந்த ஒரு பையன் என் மனதை விட்டுப் போகவில்லை. தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் கோர்ஸ் முடித்து வந்தவன். அங்கே பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை, ஆனால் பையனுக்கு இயல்பிலேயே நல்ல கை. நான்கு மாதத்தில் ரூட் சுத்தமாக வர ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் வெல்டர் டெஸ்டில் உட்கார வைத்திருப்போம். அம்மாவின் நகை அடகில் இருந்தது, மீட்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பார்சல் டெலிவரியில் மாதம் சில ஆயிரம் கூடக் கிடைக்கிறது என்று போய்விட்டான். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றான். அவன் மேல் என்ன தப்பு? வெல்டர் ஆவதற்காக வாங்கிய கடனே அவனை வெல்டர் ஆகவிடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதனால்தான் அரசு ஐடிஐ பற்றி விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, புத்தகம், பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 உண்டு. வெல்டர் ஒரு வருடம். எட்டாவது பாஸ் போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். இரண்டு வருட டிரேடு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

ஐடிஐ முடித்த பிறகுதான் முக்கியமான கட்டம். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி பெல் (பிஎச்இஎல்), பொன்மலை ரயில்வே பணிமனை மாதிரி இடங்களில் பழகுநராகச் சேரலாம். 2019-ல் திருத்திய விதிகளில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 என்று வைத்தார்கள். குறைவுதான். ஆனால் அந்த வருடம் அவன் தொடும் மெஷினும், பார்க்கும் டிராயிங்கும், கையில் வாங்கும் தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழும் பிறகு எங்கே போனாலும் பேசும். ரயில்வேயில் லெவல் 1 எனும் ஆரம்பநிலைக் காலியிடங்களில் 20 சதவீதம் அப்ரன்டிஸ் முடித்தவர்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. வேலை நிச்சயம் என்று இதற்கு அர்த்தமில்லை, கதவு ஒன்று கூடுதலாகத் திறக்கிறது. இப்போது அந்த 7,000-லிருந்து 4,350-ஐக் கழித்துப் பாருங்கள். மிச்சம் 2,650. மெஸ்ஸுக்கே காணாது. கடன் உள்ள பையனுக்கு அப்ரன்டிஸ் என்ற வழியே அடைபட்டுவிடுகிறது.

அரசு ஐடிஐ எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் மெஷின் பழசு, சில டிரேடுகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறை. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 ஐடிஐக்களில் புது மெஷின்கள் வந்திருக்கின்றன. உங்கள் ஊரில் வந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நல்ல டிரேடு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதும் உண்மை. கிடைக்காமல் போனால் அடுத்த ஊர் ஐடிஐயைப் பாருங்கள், ஹாஸ்டல் விசாரியுங்கள். அதற்குப் பிறகுதான் பணம் கட்டும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கடனே கூடாது என்கிற ஆள் இல்லை நான். தொழிலுக்குள் போய் இரண்டு வருடம் ஆன வெல்டர், கம்பெனி கேட்கிற ஒரு டெஸ்டுக்காக இருபதாயிரம் கடன் வாங்கினால் தாராளமாக வாங்கட்டும். சில மாதத்தில் அடைத்துவிடுவான். தொழில் தெரிவதற்கு முன்னால் வாங்கும் பெரிய கடன்தான் ஆபத்து. என்டிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். என்டிடி ஆட்களுக்குச் சான்று தர இங்கே பரவலாக உள்ள எஸ்என்டி-டிசி-1ஏ முறையில் லெவல் 2 (தானே சோதித்து முடிவு சொல்லும் நிலை) சான்று தரும் பொறுப்பு வேலை கொடுக்கும் நிறுவனத்துடையது. பயிற்சியோடு அனுபவ நேரத்தையும் அது கேட்கும். அனுபவமே இல்லாத பையன் கையில் லெவல் 2 சான்றிதழோடு வந்தால் அந்தக் காகிதத்தை இன்டர்வியூவில் நாங்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் காகிதத்துக்காக ஒரு குடும்பம் நகையை வைத்திருக்கும்.

இன்னொன்று. திறன் பயிற்சிக்கென்றே 2015-லிருந்து வங்கிகளில் கடன் திட்டம் இருக்கிறது. 2024-ல் உச்சவரம்பை ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கோர்ஸுக்கு அந்தக் கடன் கிடைக்குமா என்று வங்கி மேனேஜரிடம் கேளுங்கள். இந்த கோர்ஸுக்குத் தர முடியாது என்றால், கோபப்படாமல் ஏன் என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லை என்பது பதிலானால், வங்கி நம்பாத கோர்ஸுக்கு உங்கள் வீட்டு நகை ஏன் போக வேண்டும்?

எல்லாம் யோசித்த பிறகும் தனியார் நிலையத்தில்தான் சேர்ப்பது என்றால், வெல்டிங்குக்கு நான் சொல்வது இது. ஏசி ரிசப்ஷனில் உட்காராதீர்கள், நேராக வெல்டிங் பூத்துக்குப் போங்கள். ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு, வாரத்துக்கு எத்தனை பைப் துண்டு கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். ஈரம் படக்கூடாத 7018 ராடு காய வைக்க ஓவன் இருக்கிறதா, அது சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிராப் தொட்டியில் பையன்கள் அடித்து வெட்டிப் போட்ட துண்டுகள் கிடக்க வேண்டும். போன பேட்சில் படித்த இரண்டு பேரின் போன் நம்பர் வாங்கி, இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று நீங்களே பேசுங்கள். நம்பர் தர மறுத்தால் அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் இந்த வருடம் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் கட்டண விவரத்தையும் கடன் விவரத்தையும் கமென்ட்டில் போடுங்கள். தவணைக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.