சும்மா உக்காந்திருக்கல மாமா, எழுதிட்டிருக்கேன்

"நீ சும்மாதான உக்காந்திருக்க?" இன்னொரு தடவை யாராவது என்கிட்ட இதைக் கேட்டா, பெரியவங்க சின்னவங்கன்னு பாக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

கொடைக்கானல் மலையில பண்ணைக்காட்டுல அம்மா வீடு. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, கடுங்காப்பி போட்டுட்டு நோட்டோட உக்காந்தேன். தூத்துக்குடிக்குக் குடிபோய் ஒரு வருஷமாச்சு, எனக்குன்னு ஒரு வரி எழுதல. இன்னிக்குத்தான் கை ஓடுச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பத்தி அங்க பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டின மழை அது. தண்ணி வாசல்படி ஏறினப்ப அவங்க முதல்ல எதைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடினாங்கங்கற இடத்துக்கு வந்துட்டேன். மாமா உள்ள வர்றார்.

"என்னம்மா எழுதற?"

"ஒண்ணு எழுதிட்டிருக்கேன் மாமா, முடிச்சுட்டு வந்துடறேன்."

"எழுதறதுதான? அப்படியே நம்ம திண்டுக்கல் சிநேகிதர் வண்டி கொடைக்கானல் ஏற இ-பாஸ் ஒண்ணு போட்டுக் குடுத்துரு. நீ சும்மாதான உக்காந்திருக்க."

வண்டி நம்பர் கேட்டேன். மாமாவுக்குத் தெரியாது. சிநேகிதருக்குப் போன் அடிச்சார், எடுக்கல. அரை மணி நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டார். எத்தனை பேர்னு கேட்டா, வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு வச்சுட்டார். கேட்டுச் சொன்னார். ஓடிபி அவர் போனுக்குப் போகுது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கறதுக்குள்ள அது காலாவதி. மறுபடி அனுப்பினா இங்க டவர் போச்சு. போனைத் தூக்கிட்டு வாசலுக்குப் போனேன், அங்கிருந்து ரோட்டு மேட்டுக்குப் போனேன். பனியில நின்னு ஒரு வழியா முடிச்சேன். அப்பப் போன் வருது: "சனிக்கிழமை கூட்டமா இருக்குமாம், வெள்ளிக்கிழமைக்கு மாத்திக் குடுத்துரும்மா." மறுபடி முதல்ல இருந்து!

இ-பாஸ் மேல எனக்குக் கோவம் இல்ல. 2025 கோடைக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000 வண்டின்னு ஹைகோர்ட் வரம்பு வச்சதே இந்த மலை தாங்காதுன்னுதான். கோவம் எல்லாம் மாமா கடைசியில சொன்னதுல. "அவ்வளவுதான? போய் எழுது." எதை எழுத? அக்காவோட குரல் காதுல இருந்தது, அது போயிருச்சு. திரும்ப உக்காந்து பாத்தேன், ஒரு வார்த்தை வரல.

இதே மாமா வீட்டுல காப்பிப் பழம் பறிக்கிற நாள்ல யாராவது குறுக்க போக முடியுமா? பறிச்ச அன்னிக்கே பல்ப்பர்ல போட்டுத் தோல் எடுக்கலைன்னா புளிச்சுப் போகும். அன்னிக்குக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாக்கூட வர மாட்டார். எனக்கும் மனசுல பழுத்தது அன்னிக்கே எறங்கியாகணும். அது மட்டும் ஏன் ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது?

"கடலைப் பாத்துட்டே எழுதலாம், குடுத்து வச்சவ"ன்னு சொல்லாத ஆள் பண்ணைக்காட்டுல இல்ல. சொன்னவங்கதான் ஒரு வருஷமா என்னை எழுத விடாதவங்க. திருச்செந்தூர் போறவங்களுக்கு என் வீடுதான் சத்திரம். லீவு விட்டா பிள்ளைங்களோட வந்து எறங்குவாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாதுன்னு போன்லயே சொல்லியும், மே மாசம் வந்து "சீலா மீன் இல்லையா?"ன்னு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டவங்க உண்டு. உப்புக் காத்துல ஜன்னல் கொண்டி துருப்பிடிச்சுத் தொறக்கவே வராது, அதைத் தட்டித் தட்டித் தொறந்து அவங்களுக்குக் கடலைக் காமிச்சேன். நான் கடலைப் பாத்தது துணி காயப் போடறப்ப மட்டும்தான்.

மலையில இருந்தப்பவும் இதே கதைதான். குறிஞ்சி பூத்திருக்கே, எழுதலையாம்பாங்க. 2018ல பூத்துச்சு, இனி 2030லதான். பூ வந்து எழுதித் தராது. கடலும் தராது. கதவைச் சாத்திட்டு உக்காந்தா, உள்ள ஒரு பொம்பளை வேலை பாக்குறான்னு நினைச்சு விடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்.

சிநேகிதர் போற வழியில இங்கயும் எட்டிப் பாக்கிறாராம். வத்தலக்குண்டுல இருந்து எங்களுக்கு மலைவாழை வாங்கிட்டு வர்றாராம். மலைவாழை விளையற பண்ணைக்காட்டுக்கு! அங்க பஸ் ஸ்டாண்டுல கற்பூரவள்ளியை மலைவாழைன்னு கூவி விக்கிறாங்க, வாங்கறவங்களும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறாங்க. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சு, மிச்சம் மீதியைக் காப்பாத்தி, விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு வரைக்கும் வாங்கினது இதுக்கா? தோலைப் பாத்தாலே தெரியுமேய்யா, தின்னு பாத்தா தெரியாதா?