கல்லு கொட்டியாச்சு, மணல் எப்போ வரும்?

நம்ம வடசென்னை கரையில கடல் அரிப்பத் தடுக்க கல்லு கொட்டுறாங்கல்ல, அதப் பத்திதான் பேச்சு. மொதல்ல ஒரு பழைய கதை. இஸ்ரேல்ல கார்மல் கடற்கரை பக்கம் தெல் ஹ்ரெய்ஸ்னு ஒரு இடம். 7000 வருஷத்துக்கு முந்தின கிராமம் ஒண்ணு அங்க கடலுக்கடியில கெடக்கு, அது முன்னாடி 100 மீட்டருக்கு மேல நீளமா ஒரு கல் சுவர். புயல்ல மணல் வெலகி தெரிய வந்துச்சு, 2019ல ஆய்வுக்கட்டுரை வந்துச்சு, இதுவரைக்கும் தெரிஞ்சதுலயே ரொம்பப் பழைய கடல் தடுப்பு அதுதானாம். அந்தக் கல்லு எதுவும் அந்தக் கரையில கெடைக்கிறது இல்ல, ஒன்னு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஆத்து முகத்துவாரத்துல இருந்து கொண்டாந்து அடுக்கியிருக்காங்க, வண்டி கெடையாது, சக்கரமே வராத காலம். எவ்ளோ பயந்து போய் செஞ்சிருப்பாங்கன்னு நெனச்சா நெஞ்சு அடைக்குது. அப்பவும் கடல் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு, கடைசில ஊர விட்டே போயிட்டாங்க.

நம்ம ஊர்லயும் இந்தக் கதை பழசுதான். ராஜாஜி சாலை ஓரம் வரைக்கும் அலை அடிச்ச காலத்துல, 19ம் நூற்றாண்டு ஆரம்பத்துல, கறுப்பர் நகரத்த (இப்ப ஜார்ஜ் டவுன்) காப்பாத்த டி ஹேவிலேண்ட்ங்கிற இன்ஜினியர் கடல் சுவர் கட்டினாரு. அப்புறம் 1870கள்ல ஹார்பர் வேலை ஆரம்பிச்சுது, அங்கதான் வெனையே. வருஷத்துல முக்காவாசி நாள் நம்ம கடல்ல மணல் தெக்கேருந்து வடக்க ஓடும், ஹார்பர் சுவர் அத மறிச்சிடுச்சு. மெரினா அகலமாகிட்டே போச்சு, ஹார்பருக்கு வடக்க ராயபுரம் காசிமேடு திருவொற்றியூர்னு இந்தப் பக்கம் கரை கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அந்த இஸ்ரேல் ஊருக்கு கடல் மட்டம் ஏறினதுதான் ஆபத்து, யாரயும் கேக்க முடியாது. நமக்கு வர வேண்டிய மணல மனுஷன் மறிச்சு வச்சிருக்கான், அத கேட்டு வாங்கணும்.

கல்லு கொட்டாதீங்கன்னு சொல்லல. கல்லு இல்லன்னா எத்தனையோ தெரு இன்னிக்கு இருக்காது. ஆனா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போய்ப் பாருங்க, கருங்கல்லு நடுவுல தண்ணி சீறி ரோட்டு மேல தெறிக்கும், பைபர் படக இழுத்து வைக்க மணல் கெடையாது, ரோட்டோரத்துல உக்காந்து வலை பின்னுறாங்க. ஒரு இடத்துல தூண்டில் வளைவு (கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டுற கல் சுவர்) போட்டா அதுக்கு அடுத்த வடக்குக் குப்பத்துல அரிப்பு ஆரம்பிக்குது, திரும்ப அங்க கல்லு, இது முடியவே முடியாது.

விசாகப்பட்டினத்துல ஹார்பர்ல தூர்வாருற மணல கொண்டுபோய் அரிக்கிற பீச்சுல போடுறாங்க. இங்க ஏன் முடியாது? ஓட்டு கேட்டு வர்றவங்க கிட்ட ஒவ்வொரு குப்பமும் இதையே கேளுங்க மக்களே, ஹார்பர்ல தேங்குற மணல் வருஷா வருஷம் எங்க போகுது, எங்க கரைக்கு எப்போ வரும்னு.