பிங்கர்டனை மோசம் என்றது யார்?

அமெரிக்க ராக் இசைக்குழுவான வீசரின் 'பிங்கர்டன்' ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகையே 1996-இன் மிக மோசமான ஆல்பம் என்று அறிவித்ததாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. மோசமான ஆல்பங்களின் வரிசையில் அதைச் சேர்த்தது அந்தப் பத்திரிகையின் வாசகர்கள், ஆண்டிறுதி வாக்கெடுப்பில். ஆல்பம் வந்தபோது பத்திரிகையின் விமர்சகர் கொடுத்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பாடல்வரிகள் சிறுபிள்ளைத்தனம் என்று குட்டியிருந்தார், அவ்வளவுதான். சுமாரான மதிப்பெண்தான், ஆனால் 'மிக மோசம்' இல்லையே!

சரிபார்ப்பது எளிது. பழைய இதழோ அதன் நகலோ கிடைத்தால் தலைப்பைப் பாருங்கள்: வாசகர் வாக்கெடுப்பு தனிப் பகுதி, விமர்சகர் பெயரோடு வரும் மதிப்புரை வேறு. இணையத்திலும் இரண்டையும் தனித்தனியாகத் தேடலாம். அப்புறம் 2002-இல் அதே பத்திரிகை நடத்திய வாசகர் வாக்கெடுப்பையும் பாருங்கள். எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களில் பிங்கர்டனுக்கு 16-ஆம் இடம்! ஆறே ஆண்டில் இப்படித் தலைகீழாக மாறியதும் வாசகர்கள்தான்.