வயதையும் பிறந்த ஆண்டையும் கூட்டினால் வரும் விடை பற்றி

பலரும் பகிர்ந்துவரும் ஒரு செய்தி சொல்வது இது: உங்கள் வயதையும் பிறந்த ஆண்டையும் கூட்டினால் எல்லோருக்கும் நடப்பு ஆண்டே விடையாக வரும், இது 1000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நடக்கும். என் அம்மாவும் இதை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். விடை சரியாகவே வந்தது. அதனால் பலர் நம்பி அனுப்புவது புரிகிறது.

ஆனால் இது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துத்தானே வயதையே கணக்கிடுகிறோம்? கழித்ததைத் திரும்பக் கூட்டினால் பழைய எண்தான் வரும்.

நீங்களே சரிபார்க்கலாம். 1958 மே மாதம் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் அவருக்கு வயது 65. கூட்டினால் 2023. 2024 டிசம்பரில் வயது 66, கூட்டினால் 2024. இப்படி எந்த ஆண்டை எடுத்தாலும் வரும். 1990 டிசம்பருக்கும் போட்டுப் பாருங்கள், அப்போது அவருக்கு 32 வயது, அதே கதைதான்.

அப்புறம், 'எல்லோருக்கும்' என்பதும் முழுக்கச் சரியில்லை. அதே நபருக்கு 2024 மார்ச்சில் பிறந்தநாள் இன்னும் வரவில்லை, வயது 65தான். விடை 2023, ஒன்று குறைகிறது. உங்கள் வீட்டிலேயே இந்த ஆண்டுப் பிறந்தநாள் இன்னும் வராதவர் யாராவது இருந்தால், அவர் வயதை வைத்து இப்போதே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.